50,000 ரூபா இருக்குது, யாருக்குக் குடுக்கறது? அன்னதானம், டிபி பேஷன்ட்டு, பீகார், ஆப்பிரிக்கா: ஒரு ஒப்பீடு

திருப்பூர்ல எங்க பனியன் கம்பெனில அக்கவுண்ட்ஸ், மெர்ச்சன்டைஸிங், பேக்கிங்னு கொஞ்சம் பேரு சேர்ந்து தீபாவளி போனஸ் வந்ததும் ஆளுக்கொரு பங்கு எடுத்து வெச்சிருவோமுங்க, யாராச்சும் இல்லாதவங்களுக்குப் போகட்டும்னு. இந்தத் தடவை சேர்ந்தது 50,000 ரூபா. இது எங்க போகணும்ங்கறதுல ஆளுக்கொரு பேச்சு. பேக்கிங் அண்ணன் அன்னதானம்னாரு, மெர்ச்சன்டைஸிங்ல இருக்கற புள்ள ஆப்பிரிக்காவுக்கு கொசுவலை வாங்கிக் குடுக்கலாம்னா, இன்னொருத்தரு அவரு படிச்ச கவர்ன்மெண்ட் ஸ்கூலுக்கு ஏதாச்சும் செய்யலாம்ங்கறாரு. எல்லாமே நல்ல எண்ணம்தான், அதனாலதான் முடிவு பண்றது கஷ்டமா இருக்குது. பாத்து சொல்லுங்கன்னு எங்கிட்ட விட்டுட்டாங்க, அதுக்காக படிச்சது, விசாரிச்சது, கணக்குப் போட்டது எல்லாத்தையும் இங்க எழுதறேன், இதே மாதிரி காசு சேத்து வெச்சுட்டு யோசிச்சிட்டு இருக்கறவங்க வேற பக்கமும் இருப்பீங்கன்னு தெரியும்.

மொதல்ல வறுமைன்னா யாரைச் சொல்றாங்கன்னு தெரிஞ்சுக்கணுமுங்க. உலக வங்கி 2025 ஜூன்ல கோட்டை மாத்தி வெச்சுது, ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 3 டாலருக்குக் கீழ செலவு பண்ண முடிஞ்சா அது கடும் வறுமை. இந்த 3 டாலரை நம்ம பேங்க்கு ரேட்டுல பெருக்கி 260 ரூபான்னு எடுத்துக்கக் கூடாது, ஒவ்வொரு நாட்டு விலைவாசியையும் சரிக்கட்டிப் போட்ட கணக்கு அது, இந்தியாவுக்கு 2021 விலைல 60 ரூபா சுத்துல வரும். சோறு, துணி, வாடகை, வைத்தியம், பஸ்ஸு எல்லாம் அந்த அறுபதுக்குள்ள. அப்படி இருக்கறவங்க இன்னிக்கு உலகத்துல 80 கோடிக்கு மேல. 1990ல இதே கோட்டுல பாத்தா 200 கோடிக்கு மேல இருந்தாங்க, அப்ப உலக ஜனத்தொகையும் இப்பத்தைய விட எவ்வளவோ கம்மி. அதனால ஒண்ணுமே மாறாது, எவ்வளவு குடுத்தாலும் அப்படியேதான் இருக்கும்னு சொல்றது தப்புங்க, ஒரு தலைமுறைக்குள்ள மாறியிருக்குது. மிச்சம் இருக்கறதுல மூணுல ரெண்டு பங்கு சஹாராவுக்குத் தெக்க இருக்கற ஆப்பிரிக்க நாடுகள்ல இருக்குது.

நம்ம நாட்டுக்கு வந்தா, அதே 3 டாலர் கோட்டுல 2011-12ல 27 சதவீதம் பேரு இருந்தாங்க, 2022-23ல 5.3 சதவீதம். மத்திய அரசோட திட்ட ஆலோசனை அமைப்பு நிதி ஆயோக்கு போடற கணக்கு வேற மாதிரி, வருமானத்த பாக்காம சத்து, படிப்பு, கக்கூஸ், சமையல் கேஸ் மாதிரி விஷயத்த எல்லாம் சேத்துப் பாக்கறது. அதுல 2019-21ல தமிழ்நாடு 2.2 சதவீதம், பீகார் 33.8 சதவீதம். ஒரே நாட்டுக்குள்ள இவ்வளவு தூரம். அந்த பீகாருக்காரங்கதான் நம்ம பக்கத்து டேபிள்ல ஓவர்லாக் ஓட்டிட்டு இருக்காங்க.

இதையெல்லாம் நம்பரா படிச்சா மனசுல நிக்காது, எனக்கும் நிக்கலை. கேப்மைண்டர்னு ஸ்வீடன்காரங்க நடத்தற அமைப்பு ஒண்ணு இருக்குது, அதுல டாலர் ஸ்ட்ரீட்னு ஒரு பக்கம், உலகம் பூராவும் வீடு வீடாப் போயி அடுப்பு, படுக்கை, பல் வெளக்கற குச்சி, செருப்பு, புள்ளைங்க வெளையாடற சாமான்னு போட்டோ எடுத்து வருமான வரிசைல அடுக்கி வெச்சிருக்காங்க. அடுப்பு போட்டோவ மட்டும் வரிசையா பாருங்க, மூணு கல்லுல ஆரம்பிச்சு எங்க எங்க போகுதுன்னு. எந்த நாடுங்கறத விட எவ்வளவு வருமானம்ங்கறதுதான் அடுப்ப தீர்மானிக்குதுன்னு அஞ்சு நிமிஷத்துல புரிஞ்சிரும். கணக்கு வேணும்ங்கறவங்களுக்கு 'அவர் வேர்ல்ட் இன் டேட்டா'ன்னு ஒரு சைட்டு இருக்குது. பொறுமையா பாடமாவே படிக்கணும்னா அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ ரெண்டு பேரும் எம்ஐடில நடத்துன வறுமை பத்துன கோர்ஸு ஆன்லைன்ல இருக்குது, 2019ல மைக்கேல் கிரெமரோட சேத்து பொருளாதார நோபல் வாங்குனவங்க. ஆனா திருப்பூர்ல இருக்கற நமக்கு இதுக்கெல்லாம் மேல ஒரு வழி இருக்குது, டீ டைம்ல வடக்கத்திப் பசங்ககிட்ட உக்காந்து பேசறது. ஊருக்கு மாசம் எவ்வளவு அனுப்பறீங்க, அது எதுக்குப் போகுது, போன தடவ வட்டிக்கு வாங்குனது எதுக்குன்னு கேட்டா பாதிக்கு மேல ஒரே பதில்தான் வரும், ஆஸ்பத்திரிச் செலவு.

சரி, காசு எங்க போகணும்ங்கறதுக்கு நான் வெச்சுக்கிட்ட கேள்வி இதுதானுங்க: நம்ம காசு போகலைன்னா அங்க என்ன ஆயிருக்கும்? வேற யாராச்சும் குடுத்திருப்பாங்கன்னா நம்ம காசால புதுசா ஒண்ணும் நடக்கலை. யாருமே குடுத்திருக்க மாட்டாங்கன்னா, அந்தக் காசால ஒரு ஆளோட வாழ்க்கை எவ்வளவு மாறும், அத யாராச்சும் அளந்து பாத்திருக்காங்களா. இத வெச்சு ஒவ்வொண்ணா பாக்கறேன்.

அன்னதானம். பேக்கிங் அண்ணன் சொன்னத நான் லேசா எடுத்துக்கல, பசிக்கற வயித்துக்கு சோறு போடறத விட நேரான உதவி கெடையாது. ஆனா நம்ம ஊர்ல இப்ப நெலமை என்னன்னு பாருங்க. பெரிய கோயில்கள்ல தெனமும் அன்னதானம் கவர்ன்மெண்டே நடத்துது, அமாவாசை பௌர்ணமின்னா தனியாரும் போடறாங்க. ஸ்கூல் புள்ளைங்களுக்கு மத்தியானச் சோறு காமராஜர் காலத்துல இருந்து இருக்குது, 2022 செப்டம்பர்ல இருந்து காலைச் சாப்பாடும் வந்திருச்சு. ஹோம்ல இருக்கறவங்களுக்கு பொறந்தநாளு, கல்யாண நாளு, திதின்னு டேட்டு புக் பண்ணி சாப்பாடு போடறவங்க ஏகப்பட்ட பேரு, ஞாயித்துக்கிழமை கேட்டா டேட்டு இல்லைங்கறாங்க. நம்ம 50,000 அதுல போயி சேந்தா நல்ல சாப்பாடு ஒரு நாளு கூடும். நம்ம போடலைன்னா வேற ஒருத்தர் அந்த டேட்டு எடுத்துக்குவாரு. வேணும்னா வீட்டு விசேஷத்துக்கு அவங்கவங்க தனியா போடட்டும், இந்தக் காசுல வேண்டாம்னு நெனைக்கறேன்.

துணி குடுக்கலாம்னு சொன்னவங்களுக்கு ஒரே வரி: 2004 சுனாமி அப்ப நாகப்பட்டினம் ரோட்டோரத்துல ஊர்பட்ட பழைய துணி குமிஞ்சு கெடந்து அத அப்புறப்படுத்தறதே பெரிய வேலையாப் போச்சு, வாங்கறவங்க கேக்காத சாமான் அவங்களுக்குச் சுமை.

கவர்ன்மெண்ட் ஸ்கூலுக்கு குடுக்கறது நல்லதுதான், நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளின்னு தமிழ்நாடு அரசே 2022 கடைசில அதுக்கு வழி வெச்சிருக்குது, எந்த ஸ்கூலுக்கு என்ன வேணும்னு பாத்து குடுக்கலாம். ஆனா 50,000ல பெயிண்டும் ஃபேனும்தான் நடக்கும், அதனால ஒரு புள்ள கூட நல்லா படிக்குமான்னா தெரியாது. படிப்புல உண்மையா வித்தியாசம் காட்டுனது கொரோனாவுக்கு அப்புறம் வந்த இல்லம் தேடிக் கல்வி மாதிரி, சாயந்தரம் பக்கத்து ஊட்டு அக்கா வந்து பத்து இருவது புள்ளைங்கள உக்கார வெச்சு சொல்லிக் குடுக்கறது, அத ஆய்வு பண்ணியும் பாத்திருக்காங்க. நம்மள்ல யாருக்காச்சும் சாயந்தரம் நேரம் இருந்தா அதக் குடுங்க, காசு வேற எடத்துக்குப் போகட்டும்.

இப்ப நான் ரொம்ப நாள் யோசிச்ச விஷயத்துக்கு வர்றேன், டிபி. காசநோய்னா பழைய காலத்து வியாதின்னு நெனச்சிட்டு இருக்கோம், 2023ல உலகத்துல பன்னெண்டரை லட்சம் பேரு அதுல செத்திருக்காங்க, உலகத்துல டிபி வர்ற நாலு பேர்ல ஒருத்தர் நம்ம நாட்டுக்காரர். மருந்து கவர்ன்மெண்ட்ல ஃப்ரீ. அப்புறம் எதுக்கு சாகறாங்கன்னா, ஒடம்புல சத்து இல்லாததுதான் பெரிய காரணத்துல ஒண்ணு. சத்தில்லாதவங்களுக்கு டிபி சுலபமா வரும், வந்தா இன்னும் இளைக்கும், இளைச்சா வேலைக்குப் போக முடியாது, பீஸ் ரேட்டுல இருக்கறவங்களுக்கு வேலைக்குப் போகலைன்னா சனிக்கிழமை சம்பளம் கெடையாது, சம்பளம் இல்லைன்னா சாப்பாடும் கெடையாது. பத்துக்குப் பத்து லைன் வீட்டுல அஞ்சாறு பேரு படுக்கறப்ப கூட இருக்கறவங்களுக்கும் ஒட்டிக்கும்.

ஜார்கண்ட்ல 2019ல இருந்து 2022 வரைக்கும் ரேஷன்ஸ்னு ஒரு ஆய்வு பண்ணுனாங்க. டிபி பேஷன்ட்டுக்கு எல்லாருக்குமே மாசா மாசம் அரிசி, பருப்பு, பால் பவுடர், எண்ணெய், சத்து மாத்திரை. பாதிக் குடும்பங்கள்ல கூட இருக்கறவங்களுக்கும் ஆளுக்கு அஞ்சு கிலோ அரிசி, ஒண்ணரை கிலோ பருப்பு, மீதிப் பாதிக்கு அது இல்ல. அவ்வளவுதானுங்க, புது மருந்தும் இல்ல மெஷினும் இல்ல. சாப்பாடு போன குடும்பங்கள்ல புதுசா டிபி வர்றது 39 சதவீதம் கொறஞ்சுது, நுரையீரல் டிபிய மட்டும் பாத்தா பாதிக்கு கிட்ட, 48 சதவீதம். பேஷன்ட்டுகள்ல மொத ரெண்டு மாசத்துல வெயிட் ஏறுனவங்க பொழைக்கறதும் நல்லா கூடிருக்குது. பருப்புக்கும் அரிசிக்கும் இவ்வளவு வேலை இருக்குதுன்னு அளந்து காட்டுன ஆய்வு இது. 2023ல லான்செட்ங்கற மருத்துவப் பத்திரிகைல வந்துது.

இத நம்ம ஊர்ல பண்றதுக்கு வழி இருக்குது. மத்திய அரசு 2022 செப்டம்பர்ல நிக்ஷய் மித்ரான்னு ஆரம்பிச்சுது, தனி ஆளோ கம்பெனியோ பதிஞ்சுக்கிட்டு சம்மதம் குடுத்த பேஷன்ட்டுக்கு கொறஞ்சது ஆறு மாசம் சாப்பாட்டுச் சாமான் குடுக்கலாம். மாவட்ட டிபி ஆபீஸ்ல கேட்டா சொல்லுவாங்க. கவர்ன்மெண்ட்டும் பேஷன்ட்டு அக்கவுண்ட்டுல மாசம் 1,000 ரூபா போடுது, 2024 நவம்பருக்கு முன்னால அது 500. நம்ம குடுக்கறது அதுக்கு மேல. நான் மளிகைக் கடைல வெலை கேட்டு கணக்குப் போட்டேன், பேஷன்ட்டுக்கு மட்டும்னா மாசம் 1,100 ரூபா சுத்துல ஆகுது, கூட மூணு பேரு இருக்கற குடும்பத்துக்கு முழுசா குடுத்தா 2,600 கிட்ட. அதுலயும் ஒரு வித்தியாசம் பாத்துக்கணும், தமிழ்நாட்டு ஸ்மார்ட் கார்டு இருக்கற குடும்பத்துக்கு ரேஷன்ல அரிசி ஃப்ரீ, துவரம்பருப்பு கிலோ 30 ரூபா, பாமாயில் 25 ரூபா. அவங்களுக்கு நம்ம வாங்கிக் குடுக்க வேண்டியது பால் பவுடரு, முட்டை, கடலை, சுண்டலு. வெளிமாநிலக் குடும்பத்துக்கு அந்தப் பருப்பும் எண்ணெயும் கெடையாது. அதனால ஒரே காசு பீகார் குடும்பத்துக்குப் போனா அங்க கூட வேலை செய்யும், அரிசியக் கொறச்சு கோதுமை மாவாக் குடுத்தா அவங்க சாப்பிடுவாங்க.

டிபி பேஷன்ட்டுன்னா பேரு வெளிய தெரியக் கூடாது, பையக் குடுத்து போட்டோ எடுத்து குரூப்புல போடவே கூடாது, ஹவுஸ் ஓனர் காதுக்குப் போனா ரூமைக் காலி பண்ணச் சொல்லுவாங்க. குடுக்கறவங்க இத மனசுல வெச்சே செய்யணும்.

அடுத்தது ஆடு மாடு வாங்கிக் குடுக்கறது. நம்ம காங்கேயம், தாராபுரம் பக்கம் ஆளுங்களுக்கு இது ரொம்ப புடிச்ச யோசனை, ரெண்டு ஆட்டுக்குட்டி குடுத்தா அது பெருகிப் பொழைச்சுக்குவாங்கன்னு. ஆட்டோட பொழங்குனவங்களுக்கு மீதியும் தெரியும். மேய்க்கறதுக்கு நெலம் வேணும், மழைக்காலத்துல சளி புடிச்சா டாக்டரக் கூப்படோணும், குட்டி போட்டு விக்கற வரைக்கும் ஊட்ல சாப்பாட்டுக்கு வேற வழி வேணும். இல்லைன்னா மொத ஆஸ்பத்திரிச் செலவுக்கே ஆடு சந்தைக்குப் போயிரும். கானாவுல இத சோதிச்சே பாத்தாங்க, வெறும் ஆடு மட்டும் குடுத்த குடும்பங்களுக்கு நெலைச்ச மாத்தம் ஒண்ணும் இல்ல. அதே நாட்டுல ஆட்டோட சேத்து கொஞ்ச நாளைக்கு சாப்பாட்டுச் செலவு, ஆடு வளக்கற பயிற்சி, சேமிப்பு, வாரா வாரம் ஒரு ஆளு வந்து பாத்துட்டுப் போறதுன்னு ரெண்டு வருஷம் பண்ணுனப்ப நின்னுது. வங்காளதேசத்துல பிராக்குங்கற தொண்டு அமைப்பு 2002ல ஆரம்பிச்ச முறை இது, ஆறு நாட்டு ஆய்வு 2015ல வந்துது, மேற்கு வங்காளத்துல பத்து வருஷம் கழிச்சும் அந்தக் குடும்பங்க மத்தவங்கள விட மேல இருந்தாங்க. பீகார் அரசே இத அவங்களோட ஜீவிகாங்கற கிராம வாழ்வாதாரத் திட்டம் மூலமா பெரிய அளவுல பண்ணுது. ரொம்ப நல்ல வழி, ஆனா கூடவே போயி பாக்கற ஆளோட சம்பளம்தான் இதுல பெரிய செலவு. எங்கள மாதிரி ஒரு குரூப்பு 50,000 வெச்சுட்டு தனியா ஆடு வாங்கிக் குடுக்கறது கானாவுல தோத்த முறைதான். பண்ணுனா இத முழுசா பண்ற அமைப்புக்குத்தான் குடுக்கணும்.

கடன் குடுக்கறது, அதாவது கிவா மாதிரி சைட்டுல சின்ன வியாபாரிக்கு கடன் குடுத்து காசு திரும்பி வந்ததும் அடுத்தவங்களுக்குக் குடுக்கறது. கேக்க நல்லாருக்குது. ஆனா குழுக் கடன் நம்ம பொம்பளைங்களுக்குத் தெரியாததா, ஒரு குழுல வாங்கி இன்னொரு குழுவுக்குக் கட்டறது, வாரத்தவணை அன்னிக்கு கதவச் சாத்திட்டு இருக்கறது. இந்தியா உட்பட ஆறு நாட்டுல நடந்த ஆய்வும் 2015ல ஒண்ணாவே வந்துது, சின்னக் கடனால கொஞ்சம் பேருக்கு வசதி, ஆனா வறுமை விட்டு வெளிய வந்ததா காணோம். ஆள மெரட்டி வசூல் பண்றத தடுக்க 2025ல தமிழ்நாட்டுல சட்டமே போட்டாங்க. இது நம்ம லிஸ்ட்டுல வேண்டாமுங்க.

தடுப்பூசி. ராஜஸ்தான் உதய்ப்பூர்ல பழைய ஆய்வு ஒண்ணு, ஊருக்குள்ளயே தவறாம கேம்ப் வெச்சா ஒண்ணுல இருந்து மூணு வயசுப் புள்ளைங்கள்ல முழுசா ஊசி போட்டவங்க 6 சதவீதத்துல இருந்து 18 ஆச்சு, அதோட ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு கிலோ பருப்பும் எல்லா ஊசியும் முடிச்சா சாப்பாட்டுத் தட்டும் குடுத்தப்ப 39 ஆச்சு. ஊசிக்கு எதுப்பு இல்ல, இன்னிக்கு கூலிய விட்டுட்டுப் போக முடியல, நாளைக்குப் பாக்கலாம்னு தள்ளிப் போயிருது, அவ்வளவுதான். அப்புறம் ஹரியானாவுல வேற மாதிரி பண்ணுனாங்க, ஊர்ல ஒரு சேதி நாலு பேருக்குப் போகணும்னா யாருகிட்ட சொல்லணும்னு ஊர்க்காரங்கள்ட்டயே கேட்டு, அவங்க கைகாட்டுன ஆளுக்கு கேம்ப் தேதிய சொல்லிட்டு, புள்ளைங்க அப்பா அம்மா போனுக்கு மெசேஜும் அனுப்புனாங்க. ரொம்ப கம்மிச் செலவுல நல்ல பலன். சுவிதான்னு ஒரு அமைப்பு பீகார்லயும் மகாராஷ்டிராவுலயும் இத பண்ணிட்டு இருக்குது. டீக்கடைல, தண்ணிக் கொழாய்ல சேதி சொல்ற அக்கா ஒருத்தங்க எல்லா ஊர்லயும் இருக்காங்க, அவங்கள வேலைக்கு எடுத்த மாதிரி. எனக்கு இது மனசுக்கு ரொம்ப புடிச்சுது.

இனி ஆப்பிரிக்கா. ரெண்டு வழி பாத்தேன். ஒண்ணு நேரா காசு குடுக்கறது, கிவ்டைரக்ட்லிங்கற அமைப்பு கென்யாவுல செல்போன் வழியாவே குடும்பத்துக்கு 1,000 டாலர் சுத்துல அனுப்புது, எதுக்குச் செலவு பண்ணணும்னு கேக்கறது இல்ல. காசக் கையில குடுத்தா குடிச்சே அழிச்சிருவாங்கன்னு நம்ம ஆளுங்க ஒடனே சொல்லுவாங்க, அளந்து பாத்த எடத்துல அப்படி நடக்கல. கூரை மாத்தறாங்க, மாடு வாங்கறாங்க, கடை வெக்கறாங்க. சியாயா மாவட்டத்துல 10,000 குடும்பத்துக்கு மேல குடுத்து பாத்ததுல, குடுத்த ஒவ்வொரு டாலருக்கும் அந்தச் சுத்து வட்டாரப் பொருளாதாரம் ரெண்டரை டாலர் பெருகிருக்குது, வாங்காத பக்கத்து ஊட்டுக்காரங்களுக்கும் நல்லதுதான் ஆகிருக்குது. அதே எடத்துல கைக்குழந்தைங்க சாகறது பாதிக்கு கிட்ட கொறஞ்சதா 2025ல ஆய்வு வந்துது, பிரசவ நேரத்துல ஆஸ்பத்திரிக்குப் போக காசு இருந்தது முக்கியமான காரணம்.

ரெண்டாவது கொசுவலை, அத வாங்கிக் குடுக்கற அமைப்பு அகெய்ன்ஸ்ட் மலேரியா ஃபவுண்டேஷன். 2023ல மலேரியால செத்தவங்க 6 லட்சத்துக்கு கொஞ்சம் கம்மி, நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சு பேரு ஆப்பிரிக்கா, அதுல முக்கால்வாசி அஞ்சு வயசுக்கு உள்ள புள்ளைங்க. மருந்து ஏத்துன வலை ஒண்ணு 2 டாலர் சுத்துல, ரெண்டு பேரு படுக்கலாம், மூணு வருஷம் வரைக்கும் வரும். 2000ல இருந்து 2015 வரைக்கும் ஆப்பிரிக்காவுல தடுக்கப்பட்ட மலேரியா 66 கோடி, அதுல மூணுல ரெண்டு பங்கு வலையால. எந்த தர்மத்துக்குக் குடுத்தா எவ்வளவு பலன்னு கணக்குப் பாக்கறதையே வேலையா வெச்சிருக்கற கிவ்வெல், ஒரு உயிரக் காப்பாத்த எல்லாச் செலவும் சேத்து 3,000ல இருந்து 5,500 டாலர் வரைக்கும் ஆகும்னு சொல்லுது. நம்ம 50,000 ரூபா முழுசும் போனா ஒரு உயிர்ல பத்துல ஒரு பங்கு. சின்னதா தெரியுதா? பத்து பேரு இதே மாதிரி குடுத்தா ஒரு புள்ள பொழைக்கும்னு நெனச்சுப் பாருங்க. அதோட 2025ல அமெரிக்கா, வெளிநாடுகளுக்கு உதவி குடுக்கற அதோட யுஎஸ்எய்டு அமைப்ப இழுத்து மூடிருச்சு, உலகத்துலயே பெரிய அளவுல மலேரியாவுக்குக் குடுத்துட்டு இருந்தவங்க அவங்க. வேற யாராச்சும் குடுப்பாங்கன்னு சொல்ல முடியாத நேரம் இது.

எங்க செக்கிங் செக்ஷன்ல ஒடிசா கோராபுட் பக்கத்துப் பொண்ணு ஒண்ணு இருக்குது, அதுகிட்ட வலை பத்தி கேட்டேன். சின்ன வயசுல மழைக்காலம் வந்தாலே குளிர் ஜொரம்தான்க்கா, அம்மாவுக்கு ஒரு நாள்னா தம்பிக்கு அடுத்த நாளுன்னுது. அப்புறம் கவர்ன்மெண்ட்ல வலை குடுத்தாங்களாம், ஆஷா தீதி, அதாவது ஊர் சுகாதாரப் பணியாளர் அக்கா, வந்து தொவச்சா வெயில்ல போடாத, நெழல்ல காயப் போடு, வெயில்ல மருந்து போயிரும்னு சொல்லிக் குடுத்தாங்களாம், இப்பவும் ஊருக்குப் போனா மொதல்ல வலை ஓட்டையாகிருக்கான்னு பாத்து தைக்குமாம். ஒடிசாவுல 2016ல நாலு லட்சத்துக்கு மேல இருந்த மலேரியா 2019ல நாப்பதாயிரத்துக்குக் கீழ வந்துது, 2017ல ஒரு கோடிக்கு மேல வலை குடுத்து, எட்டாத ஊருக்கெல்லாம் போயி ரத்தம் டெஸ்ட் பண்ணி மருந்து குடுத்ததால. காங்கோவும் நைஜீரியாவும் நமக்குத் தெரியாத ஊருதான், ஆனா வலை என்ன பண்ணும்னு நம்ம டேபிள்ல உக்காந்திருக்கற பொண்ணுக்கே தெரியும்.

"ஏனம்மிணி, இங்கயே இத்தன பேரு கஷ்டப்படறாங்க, அதையுட்டுப்போட்டு ஆப்பிரிக்காவுக்கு எதுக்கு"ன்னு பேக்கிங் அண்ணன் கேட்டாரு. நியாயமான கேள்விங்க, நான் ரெண்டு பதில் சொன்னேன். இங்க கஷ்டப்படறவங்களுக்கு ரேஷன் கடை இருக்குது, காப்பீட்டு அட்டை இருக்குது, ஜிஹெச் இருக்குது, எல்லாம் முழுசா போய்ச் சேரலைன்னாலும் இருக்குதுங்க. அங்க ரெண்டு டாலர் வலை இல்லாம புள்ள சாகுது. இன்னொண்ணு, பக்கத்துல இருக்கறவங்களுக்கு நம்ம குடுக்கக் கூடிய பெரிய விஷயம் காசு கெடையாது, நம்ம நேரமும் பாஷையும். ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டு தமிழ்நாட்டுல 2020 அக்டோபர்ல இருந்து நடக்குது, பீகார் கார்டு இருக்கறவங்க இங்க ரேஷன் கடைலயே அவங்க பங்கு அரிசியோ கோதுமையோ வாங்கிக்கலாம், ஆதார் இணைச்சு கைரேகை வெச்சா போதும். நம்ம லைன் வீட்டுப் பசங்கள்ல எத்தன பேருக்கு இது தெரியும்? தெரிஞ்சாலும் கடைல போயி தமிழ்ல கேக்கத் தெரியாம திரும்பி வந்துடறாங்க. கூட ஒரு ஆளு ஒரு தடவை போனா மாசா மாசம் அந்தக் குடும்பத்துக்கு தானியம் வரும். அமைப்புசாராத் தொழிலாளிங்களுக்கான மத்திய அரசோட ஈஷ்ரம்ல பதியறது, பேங்க்கு அக்கவுண்ட்டு, புள்ளைங்கள பக்கத்து ஸ்கூல்ல சேக்கறது எல்லாம் இதே மாதிரிதான். மேலதிகாரி நாற்காலில இருக்கறவங்களுக்கு இன்னும் ஒண்ணு, பிஎஃப், இஎஸ்ஐ புடிக்கறத எல்லாருக்கும் ஒழுங்கா கட்டறது. இஎஸ்ஐல டிபிக்கு லீவுச் சம்பளமே உண்டு.

காசு நடுவுல காணாமப் போயிரும்ங்கற பயம் எல்லாருக்கும் இருக்குது, எனக்கும் இருந்துது. காங்கோவுல கிவ்டைரக்ட்லி ஆளுங்களே சேந்து 2022ல 9 லட்சம் டாலர் கிட்ட திருடிட்டாங்க, அத அந்த அமைப்பே 2023ல வெளிய சொல்லி எப்படி நடந்துச்சுன்னு எழுதுச்சு. திருட்டு நடக்காத எடத்த தேடுனா கெடைக்காது, நடந்தா சொல்ற எடத்த தேடலாம். கொசுவலைக்காரங்க எந்த நாட்டுல எத்தன வலை எப்பப் போகுதுன்னு சைட்டுலயே போடறாங்க. கணக்க வெளிய காட்டாம, அழுகற குழந்தை போட்டோ மட்டும் காட்டற எடம் உள்ளூரா இருந்தாலும் வெளியூரா இருந்தாலும் எனக்கு வேண்டாம்.

வரி விஷயம் கேட்டவங்களுக்கு. 80ஜி, அதாவது தர்மத்துக்குக் குடுத்ததுக்கு வருமான வரில கெடைக்கற கழிவு, பழைய ரெஜிம்ல இருக்கறவங்களுக்கு மட்டும்தான், புது ரெஜிம்னா கெடையாது, நம்மள்ல முக்கால்வாசி பேரு புதுசுலதான் இருக்கோம். பழையதுல இருக்கறவங்க 2,000 ரூபாய்க்கு மேல கேஷா குடுத்தா கழிவு வராது, அமைப்புகிட்ட நன்கொடை சர்ட்டிபிகேட் கேட்டு வாங்கணும். வெளிநாட்டு அமைப்புக்கு குடுத்தா 80ஜி இல்ல. வெளிநாட்டுக்கு அனுப்பறது தப்பான்னா தப்பில்ல, தனி ஆளு வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பறதுக்கு ஆர்பிஐ வெச்சிருக்கற எல்ஆர்எஸ் வரம்பு வருஷத்துக்கு இரண்டரை லட்சம் டாலர், நம்ம அனுப்பறது அதுல தூசு, தர்மத்துக்குன்னு தனி கோடே இருக்குது. பேங்க்கு சார்ஜும் டாலர் மாத்தற சார்ஜும் போகும்ங்கறதால ஆளாளுக்கு அனுப்பாம சேத்து ஒரே தடவையா அனுப்பறது நல்லது.

என்ற முடிவ சொல்றனுங்க. 23,000 ரூபா டிபிக்கு. வெளிமாநிலக் குடும்பம் ஒண்ணுக்கு, பேஷன்ட்டும் கூட இருக்கறவங்களும் சேத்து ஆறு மாசத்துக்கு 15,500 கிட்ட ஆகும், மிச்சம் 7,500ல இன்னொரு பேஷன்ட்டுக்கு மட்டும் ஆறு மாசம் ஓடும், வெலை ஏறுனாலும் சமாளிக்கலாம். 27,000 ரூபா கொசுவலைக்கு, சார்ஜு போக 150 வலை வரும், முந்நூறு பேரு படுக்கலாம். உயிருக்கான கணக்கு மட்டும் பாத்தா முழுசும் வலைக்கே போகணும், அது எனக்குத் தெரியுது. ஆனா பக்கத்துல ஒரு குடும்பத்துக்கு மாசா மாசம் போயி சாமான் குடுத்தாத்தான் அடுத்த வருஷமும் எங்க ஆளுங்க போனஸ்ல இருந்து எடுத்து வெப்பாங்க, தூரத்து வறுமையும் அப்பத்தான் அவங்களுக்குப் புரியும்னு நம்பறேன், அதுக்காகத்தான் பிரிச்சேன். தடுப்பூசிக்கு அடுத்த தீபாவளில பாக்கலாம், இந்தத் தொகையை மூணா பிரிச்சா எதுவும் உருப்படியா இருக்காது.

பேக்கிங் அண்ணன் டிபி சாமான் வாங்கற பொறுப்ப ஏத்துக்கிட்டாரு, மொத்த வெலைல பருப்பு எங்க கெடைக்கும்னு அவருக்குத்தான் தெரியும். மெர்ச்சன்டைஸிங் புள்ள வலைக்குப் பணம் கட்டி ரசீத குரூப்புல போடும். ரேஷன் கடைக்குக் கூடப் போறதுக்கு இந்தி தெரிஞ்சவங்க ரெண்டு பேரு வேணும், ஞாயித்துக்கிழமை காலைல வர்றவங்க எங்கிட்ட பேரு குடுங்க.